பேச வைத்த மாத்திரை

அத்தியாயம் பதினொன்று

அவள் மாத்திரையைக் குறைத்தாளா இல்லையா என்று ஒரு வாரமாகக் காத்திருந்தவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறைக்கவில்லை. திட்டுவதானால் திட்டிக்கொள்ளுங்கள். நானும் கொஞ்சம் திட்டிவிட்டுத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்கு விஷயம் இதுதான். லிஃப்ட் மெக்கானிக்குக்குத் தலைக்குள் கட்டி. எடுக்க முடிந்ததை அறுத்து எடுத்துவிட்டு, மிச்சத்துக்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்கிறார்கள். கரண்ட் வைத்தால் மூளை கொஞ்சம் வீங்குமாம். வீங்கினால் மண்டையைப் பிளக்கும் தலைவலி, வாந்தி. அதெல்லாம் வராமல் இருக்க ஒரு ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். சட்டைப் பொத்தானில் பாதிகூட இருக்காது.

அந்தப் பொடி மாத்திரை சொன்ன வேலையைச் செய்தது. வலி போன இடம் தெரியவில்லை, வாந்தி நின்றது. கூடவே யாரும் சொல்லாத இன்னொரு வேலையையும் செய்தது. மெக்கானிக்கைப் பேச வைத்தது.

அது அதிசயம்தான். இருபத்தாறு வருஷமாக அந்த மனுஷன் வாயிலிருந்து 'ம்', 'வேணாம்', 'சாவி எங்கே' என்பதைத் தாண்டிப் பெரிதாக எதுவும் வந்ததில்லை. மனைவியின் அண்ணன் அவருக்கு மௌனசாமி என்றே பெயர் வைத்திருந்தார். மெக்கானிக்கின் மனைவிக்கோ குடிநீர் அலுவலகத்தில் புகார் ஃபோன் எடுக்கிற வேலை. தண்ணீர் வரவில்லை, கலங்கலாக வருகிறது, குழாய் உடைந்து தெருவெல்லாம் ஆறு என்று ஊரே அவள் காதில் கத்தும். வீட்டுக்கு வந்தால் ஒரு சத்தம் இருக்காது. ஃபேன் சுற்றுகிற சத்தத்தோடு குடித்தனம் நடத்தினவள் அவள்.

ஏன் அப்படி ஆனார்? அது அவளுக்குத் தெரியும், அல்லது தெரியும் என்று நினைத்திருந்தாள். முதல் பெண் குழந்தை, மூன்று வயது, காய்ச்சலில் வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் போய்விட்டது. அன்றைக்கு அவர் வரவில்லை. ஆள் அனுப்பியும் வரவில்லை. "பெத்த பிள்ளை சாகும்போது எட்டிப் பார்க்காத ஆளு" என்று அவள் அண்ணன் இன்று வரைக்கும் சொல்லிக்காட்டுவார். மெக்கானிக் தலையைக் குனிந்துகொள்வார். அவளும் வாயைத் திறந்து கேட்டதில்லை.

போன வாரம் ஒரு காலையில், முட்டையை உரித்துக்கொண்டே, மழை வரும் போலிருக்கிறது என்கிற மாதிரி அவர் சொன்னார்: "அன்னைக்கு நான் வந்தேன், தெரியுமா?"

அதே நாள் சாயங்காலம்தான் டாக்டரம்மா மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கச் சொன்னார். முதலில் காலை, மத்தியானம் என்கிற ரெண்டு வேளையைக் காலை மட்டும் ஆக்கி, நாலு நாள் கழித்து அதையும் பாதியாக்கி. அவரோ ஒரு நாளைக்கு ஒரு துண்டாகத்தான் கதையைச் சொன்னார். மிச்சத்தைக் கேட்காமல் எப்படிக் குறைப்பாள், நீங்களே சொல்லுங்கள்.

*

இன்றைக்குக் காலையிலும் கதை அதுதான். மெக்கானிக் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து ரொட்டியை வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தார். முகம் உருண்டையாக ஊதியிருந்தது. கன்னம் மின்னியது. பார்த்தவர்கள் "நல்லா தேறிட்டாரே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவளும் அதைத்தான் நம்ப விரும்பினாள்.

"இன்னொரு முட்டை போடு."

"போதுங்க. வயிறு என்னத்துக்கு ஆகும்?"

"என் வயிறு, என் கவலை. போடு சொல்றேன்ல?" என்று அதட்டினார். உடனே அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "கல்யாணத்தன்னைக்கு நீ என்னை முறைச்சே. ஞாபகம் இருக்கா? பிடிக்காத கல்யாணம் போல, தொலைஞ்சோம்டான்னு நினைச்சேன். அப்புறம் பார்த்தா, புதுச் செருப்பு கடிச்சிருக்கு."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே அடுப்பு மேடையில் சாய்ந்து சிரித்தாள். முப்பது வருஷத்துக் குடித்தனத்தில் இப்படி ஒரு காலை வேளை இருந்ததே இல்லை. தலைக்குள் கட்டி இருக்கிற மனுஷனோடு சந்தோஷமாக இருக்கிறோமே என்று அவளுக்குக் குற்ற உணர்ச்சியாகவும் இருந்தது.

தண்ணீர் ஜாடி காலியாகிவிட்டிருந்தது. காலையிலிருந்து அது மூன்றாவது தடவை. அவள் பார்த்தாள். பார்த்ததைப் பார்க்காத மாதிரி நிரப்பி வைத்தாள்.

"நேத்து ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் சொன்னீங்க" என்றாள் மெதுவாக.

மெக்கானிக் மென்றதை விழுங்கினார். "ஓடி வந்தேன். கையெல்லாம் கிரீஸ். காவல்காரன் உள்ளே விடமாட்டேன்னான். என் குழந்தை மேலே இருக்குய்யான்னு கத்தினேன். விட்டுட்டான். லிஃப்ட் பக்கம் போனேன். அங்கே..."

வாசல் கதவு திறந்தது. மகள் உள்ளே வந்தாள். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற பள்ளியில் வேலை பார்க்கிறவள். அந்தக் குழந்தை போன பிறகு பிறந்தவள். அக்கா ஒருத்தி இருந்தாள் என்பதை ஒரு ஃபோட்டோவில் பார்த்ததோடு சரி.

"கிளம்பலாமா? என் அடுத்த ஸ்டூடன்ட் பத்து மணிக்கு வந்து நிப்பாங்க."

மெக்கானிக் வாயை மூடிக்கொண்டார். மனைவிக்கு மகளைப் பிடித்துப் பிறாண்ட வேண்டும் போல இருந்தது. 'ஒரு நிமிஷம் கழிச்சு வந்தா என்னடி' என்று மனசுக்குள் கத்தினாள்.

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை. மேஜையை இரண்டு கையாலும் அழுத்தி, முனகி, பாதி எழும்பி, தொப்பென்று திரும்ப உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா, அப்பாவுக்கு என்ன?"

"ராத்திரி சரியா தூங்கலடி. அசதி." அவள் அவர் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினாள். அப்படியே, மகள் செருப்பைத் தேடுகிற நேரம் பார்த்து, இன்றைய காலை மாத்திரையையும் கொடுத்தாள். முழுசாக, பழைய அளவில்.

*

கூரைமேல் பலகை வைத்த பயிற்சிக் கார் அது. பக்கத்து இருக்கையிலும் ஒரு பிரேக் இருக்கும். மெக்கானிக் அங்கேதான் உட்காருவேன் என்று அடம்பிடித்து உட்கார்ந்தார்.

"பார்த்துப் போ! கண்ணு எங்கே இருக்கு உனக்கு? இதையா நாலு பேருக்குக் கத்துக்கொடுக்கறே?"

"அப்பா, அது சிக்னல். சிவப்பு. நிக்கத்தான் வேணும்."

"எதிர்த்துப் பேசாதே!" அவர் ஓங்கி டேஷ்போர்டில் குத்தினார்.

மகள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். சின்ன வயதில் அவளை ஒரு சொல் கடிந்து பேசாத அப்பா. கடிந்து மட்டும் என்ன, எதுவுமே பேசாத அப்பா. அவள் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தாள். "இவர் ஏன்மா இப்படி ஆயிட்டார்? மாத்திரையைக் குறைச்சா இந்தக் கோபம் தணியும்னாங்களே டாக்டர்?"

"தணியும்டி. உடனே எப்படித் தணியும்?"

பொய் அத்தனை சுலபமாக வந்தது. அவளுக்கே பயமாக இருந்தது.

*

கரண்ட் வைக்கிற இடம் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. வரிசையாக நாற்காலிகள், யாரும் பார்க்காத டிவி, வாய்க்குள் புண் வந்து துண்டை வாயில் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்கள். சுவர் அலமாரியில் ஒவ்வொருவர் முக அச்சிலும் வார்த்த வலை முகமூடிகள். அதை முகத்தில் மாட்டி மேஜையோடு பூட்டிவிட்டால் தலை இம்மிகூட அசையாது.

மெக்கானிக்கின் முறை வந்தது. மேஜையில் ஏற ஒரு சின்னப் படி போட்டிருப்பார்கள். குழந்தைகள்கூட ஏறிவிடும். லிஃப்ட் குழிக்குள் கம்பி ஏணியில் ஆயுசு முழுக்க ஏறி இறங்கின மனுஷன், அந்தப் படியில் வலது காலை வைத்தார். இடது கால் மேலே வரவில்லை. தொடை வெடவெடவென்று ஆடியது. டெக்னீஷியன் தாங்கிப் பிடிப்பதற்குள் முட்டி மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றார். முகம் மட்டும் வெளிறிவிட்டது.

இன்றைக்குக் கரண்ட் வேண்டாம், டாக்டரம்மா பார்க்கட்டும் என்று சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். நர்ஸ் விரலைக் குத்தி ரத்தம் எடுத்து மெஷினில் வைத்தாள். வந்த எண்ணைப் பார்த்தாள். நம்பாமல் இன்னொரு விரலைக் குத்தினாள்.

டாக்டரம்மா அவர் தொடையைப் பிடித்துப் பார்த்தார். காலைத் தூக்கச் சொன்னார், தள்ளச் சொன்னார். பிறகு நாற்காலியைக் கதவுக்கு வெளியே விடச் சொல்லிவிட்டு, அம்மாவையும் மகளையும் உட்கார வைத்தார். கதவு முழுசாகச் சாத்தவில்லை. அதை அம்மா கவனிக்கவில்லை.

"சுகர் எக்கச்சக்கமா இருக்கு. ரெண்டு தொடையிலயும் பலமே இல்ல. போன வாரம் மாத்திரையைக் குறைச்சோமே, குறைச்சுத்தானே கொடுக்கறீங்க?"

"ஆமா டாக்டர்" என்றாள் அவள்.

"சரியா?"

"நீங்க சொன்னபடிதான்."

டாக்டரம்மா பேனாவை மேஜையில் வைத்தார். "அப்போ எனக்குக் கொஞ்சம் கவலையா இருக்கு. மருந்து குறைஞ்சிருந்தா கால் இவ்வளவு மோசமாகக் கூடாது. கட்டி முதுகுத்தண்டுல இறங்கியிருக்குமோன்னு பார்க்கணும். அட்மிட் பண்ணுங்க, ஸ்கேன் எடுப்போம். அதுவரைக்கும் தலைக்குக் கரண்ட் நிறுத்திடுவோம்."

"ஸ்கேன்ல அப்படி இருந்துச்சுன்னா?" மகள் கேட்டாள்.

"இருந்துச்சுன்னா..." டாக்டரம்மா தண்ணீர் டம்ளரை மகள் பக்கம் நகர்த்தினார். "தலைக்கு மட்டும் தொடர்ந்து வைக்கிறதுல பெருசா பிரயோஜனம் இருக்காதும்மா. அவருக்குச் சிரமம் இல்லாம பார்த்துக்கறதுதான் நம்ம வேலையா இருக்கும்."

மகள் ஓவென்று அழவில்லை. மூக்கை மட்டும் உறிஞ்சினாள். கியரைப் பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போன அந்தக் கை மேஜை விளிம்பைப் பற்றிக்கொண்டிருந்தது.

அம்மா அந்தக் கையையே பார்த்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால், பாதியில் நிற்கிற கரண்ட் பாதியிலேயே நிற்கும். வாயைத் திறந்தால், மாத்திரை நிற்கும். அவர் பேச்சு நிற்கும். லிஃப்ட் பக்கம் போய் நின்ற மனுஷன் அங்கேயே நின்றுவிடுவார், இனி ஒருநாளும் மேலே வரமாட்டார். இரண்டு நாள் கிடைத்தால் போதும் என்று காலையில் நினைத்திருந்தாள். இரண்டு நிமிஷம்கூட இல்லை.

"டாக்டர், நான் குறைக்கலை."

"என்னது?"

"மாத்திரையை. பழையபடியேதான் ரெண்டு வேளையும் கொடுக்கறேன். இன்னைக்குக் காலையிலயும் கொடுத்தேன்."

மகள் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவள் சாகிற வரைக்கும் மறக்க மாட்டாள்.

டாக்டரம்மாவுக்கு ஒரே சமயத்தில் மூச்சும் வந்தது, கோபமும் வந்தது. "இதை முதல்ல சொல்லக் கூடாதா? இந்தக் கால், இந்தச் சுகர், ஊதிப்போன முகம் எல்லாத்துக்குமே அந்த மாத்திரை போதும்மா! இல்லாத இடத்துல நோயைத் தேடியிருப்பேன். கரண்ட்டை நிறுத்தியிருப்பேன்." கொஞ்சம் தணிந்து, "வலி திரும்ப வந்துடும்னு பயந்தீங்களா? நிறைய பேர் அப்படித்தான் பயப்படுவாங்க" என்றார்.

நல்ல சாக்கு. தட்டில் வைத்து நீட்டின மாதிரி இருந்தது. தலையாட்டினால் போதும்.

"இல்ல டாக்டர். அவர் பேசறாரு" என்றாள்.

டாக்டரம்மாவுக்குப் புரியவில்லை. மகளுக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் அவளுக்கு இன்னும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"நீ கதை கேட்கணும்னு அப்பா காலை உடைச்சியாம்மா? எனக்கு மட்டும் அப்பா பேசணும்னு ஆசை இல்லையா? என்கிட்ட அவர் பேசினதெல்லாம் திட்டு. அதையும் வாங்கிக்கிட்டு வாயை மூடிட்டு வண்டி ஓட்டறேன், மருந்து குறைஞ்சா சரியாயிடும்னு. நீ என்னடான்னா..."

முடிக்காமல் எழுந்து வெளியே போய்விட்டாள்.

*

சுகருக்கு ஊசி போட்டார்கள். இரண்டு பேர் தூக்கி மேஜையில் படுக்க வைத்துக் கரண்ட்டும் வைத்துவிட்டார்கள். மாத்திரையை ஒரேயடியாக நிறுத்தினால் ஆளையே சாய்த்துவிடும், இன்றைக்கு மத்தியானத்திலிருந்து படிப்படியாக இறக்கணும், கால் மெல்லத் தேறும் என்று டாக்டரம்மா மகளிடம் சொன்னார். மகளிடம் மட்டும். மாத்திரை அட்டை இப்போது மகளின் பையில் இருந்தது.

திரும்பும்போது காரில் மெக்கானிக் பின்னால் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டில் விட்டுவிட்டு மகள் வேலைக்குப் போய்விட்டாள், "போயிட்டு வரேன்" என்றுகூடச் சொல்லவில்லை.

மத்தியான வெயில் படுக்கையறை வரைக்கும் வந்திருந்தது. அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். அவள் சூப்பைக் கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை.

"கதவு திறந்துதான் இருந்துச்சு" என்றார்.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் எத்தனை மாத்திரை முழுங்கறேன்னு எனக்குத் தெரியாதா? கண்ணா போச்சு எனக்கு? மறந்துட்டே போலன்னு முதல்ல நினைச்சேன். அப்புறம், நீ தெரிஞ்சேதான் கொடுக்கறேன்னு புரிஞ்சுது. நானும் பேசாம முழுங்கினேன்."

"ஏங்க?"

"எனக்கும் அன்னைக்கு நடந்ததைச் சொல்லி முடிச்சுடணும்னு இருந்துச்சு." உள்ளங்கைகளைத் தொடைமேல் வைத்து அழுத்திக்கொண்டார். தொடை ஆடுவது நிற்கவில்லை. "ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். இத்தனை நாள் நான் பேசினது நானா, மாத்திரையா?"

"எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க. என் காதுல விழுந்தது உங்க குரல்."

அவர் கொஞ்ச நேரம் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இனி அவ்வளவுதான், திரும்ப 'ம்', 'வேணாம்' ஆகிவிட்டார் என்று அவள் நினைத்தாள். எழுந்து சூப்பை எடுக்கப் போனாள்.

"உட்காரு. மத்தியான மாத்திரை இல்லாமயே சொல்றேன்."

உட்கார்ந்தாள்.

"லிஃப்ட் பக்கம் உங்க அண்ணன் நின்னுட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வழியை மறிச்சுட்டார். குழந்தை போயிடுச்சு மாப்பிள்ளைன்னார். நான் மேலே போகணும்னேன். போகாதே, அவ உன் முகத்துல முழிக்க மாட்டேங்கறா, உன் குரலே இனிமே அவ காதுல விழக் கூடாதாம், உன்னைப் பார்த்தா அவளும் செத்துடுவான்னார்." அவர் எச்சிலை விழுங்கினார். "நீ சொன்னதா சொன்னார்."

வெளியே யாரோ பக்கெட்டில் தண்ணீர் பிடிக்கிற சத்தம் கேட்டது.

"அங்கேயே நின்னேன். லிஃப்ட் வந்துச்சு, போச்சு, வந்துச்சு. நான் ஏறலை. பெத்தவ சொல்லிட்டா, கேட்கணும்ல? அதுக்கப்புறம் வீட்டுக்கு வந்தே. நீயும் எதுவும் கேட்கலை. சரி, இவளுக்கு என் குரல் வேணாம்னு நானும் விட்டுட்டேன்."

இத்தனை வருஷமும் மனுஷன் கல்நெஞ்சில் பேசாமல் இருக்கவில்லை. அவள் சொன்னதாக நினைத்துக்கொண்டு, அவள் பேச்சைக் கேட்டு நடந்திருக்கிறார். அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

"சொன்னியா?" என்று கேட்டார். கோபமாக இல்லை. "சொன்னியா, இல்லையா, அது மட்டும் எனக்குத் தெரிஞ்சா போதும்."

இல்லை என்று சொல்லிவிடலாம். ஒரு சொல். அந்த மனுஷன் நிம்மதியாகப் படுப்பார். ஆனால் அன்றைக்குக் குழந்தையைத் துணியில் சுற்றினது வரைக்கும்தான் அவளுக்கு ஞாபகம். அதற்குப் பிறகு தலையைச் சுவரில் முட்டிக்கொண்டாளாம், ஊசி போட்டுத் தூங்க வைத்தார்களாம். நடுவில் என்ன கத்தினாள், யாரைத் திட்டினாள் என்று இன்று வரை தெரியாது. சொல்லியிருக்கலாம். அந்த நேரத்தில் எந்தத் தாய் என்ன சொல்லமாட்டாள்? காலையிலிருந்து சொன்ன பொய் போதும், இனி இவரிடம் ஒன்றுகூட முடியாது என்று தோன்றியது.

"தெரியலைங்க. சத்தியமா எனக்கு ஞாபகம் இல்ல."

அவர் தலையாட்டினார். மெல்லச் சாய்ந்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவள் போர்வையை இழுத்துவிட்டாள். "என்னங்க" என்று கூப்பிட்டாள். இன்னொரு தடவை கூப்பிட்டாள்.

முன்னறைக்கு வந்து ஃபோனை எடுத்தாள். அண்ணன் முதல் மணியிலேயே எடுத்தார். உடம்பு எப்படி இருக்கிறது, சாப்பிடுகிறானா, ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன் என்று வழக்கம்போல் பொரிந்து தள்ளினார். அவள் அவரை முடிக்க விடவில்லை.

"அண்ணா, ஒண்ணு கேட்கணும். என் குழந்தை போன அன்னைக்கு, கீழே லிஃப்ட் கிட்ட..."

அந்தப் பக்கம் பேச்சு நின்றுவிட்டது. லைன் போய்விட்டதோ என்று அவள் ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். போகவில்லை. திரும்பக் காதில் வைத்தபோது அண்ணன் மூச்சு விடுவது கேட்டது.

"சொல்லிட்டானா அவன்?" என்றார் அண்ணன்.